கல்லூரிப் பேருக்கு எவ்வளவு கொடுக்கலாம்? புதுச்சேரி வீடுகளில் ஒரு ஜூன் மாதக் கணக்கு

ப்ளஸ் டூ ரிசல்ட் வந்த சந்தோஷம் எந்த வீட்டிலும் மூன்று நாளைக்கு மேல் தாங்குவதில்லை. நான்காம் நாள் போன் வர ஆரம்பித்துவிடும். "பாப்பா என்ன மார்க்கு?" என்று விசாரிக்கும் சித்தி, மூச்சு விடாமல் அடுத்த கேள்வியையும் போடுவார். "எந்தக் காலேஜ்ல சேக்கப் போறீங்க?"

முத்தியால்பேட்டை, லாஸ்பேட்டை, அரியாங்குப்பம், வில்லியனூர் என்று எந்தப் பக்கம் போனாலும் இப்படி ஒரு வீடு இருக்கும். அப்பாவுக்கு மாதச் சம்பளம் 30,000 ரூபாய். அம்மா வீட்டிலேயே தையல் மெஷின் போட்டு நாலு காசு பார்க்கிறார். பிள்ளைக்குக் கணக்கு, இயற்பியல், வேதியியலில் நல்ல மார்க். மாநில அளவில் பேசப்படும் மார்க் இல்லை, தலைகுனிய வைக்கும் மார்க்கும் இல்லை. இன்ஜினீயரிங் என்று முடிவாகிவிட்டது. ஒரு பக்கம் சென்டாக் விண்ணப்பம் போட்டாயிற்று. இன்னொரு பக்கம், வெளியூரிலுள்ள ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகத்திலிருந்து அப்பாவின் வாட்ஸ்அப்புக்கு ஒரு செய்தி வந்திருக்கிறது. இடம் தயார், இந்தத் தேதிக்குள் முன்பணம் கட்டினால் உறுதி.

"ஃபீஸ் அதிகம்தான். ஆனா பேரு இருக்கே" என்கிறார் அப்பா. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. பீரோவைத் திறந்து நகை டப்பாவை ஒருமுறை பார்த்து மூடுகிறார்.

அப்பா சொல்லும் அந்தப் 'பேரு' ஒன்றல்ல, இரண்டு. கல்யாண மண்டபத்தில் பக்கத்து நாற்காலிக்காரர் "ஓ, அங்கயா!" என்று புருவம் உயர்த்துவது ஒரு பேர். வேலைக்கு ஆள் எடுக்க வரும் நிறுவனம் இந்தக் கல்லூரி வளாகத்துக்குள் வர வேண்டும் என்று நினைப்பது இன்னொரு பேர். சில கல்லூரிகளுக்கு இரண்டும் உண்டு. பல கல்லூரிகளுக்கு முதலாவது மட்டும்தான். விளம்பரப் பலகையும் டி.வி. ஸ்பான்சர்ஷிப்பும் அதைத்தான் வளர்க்கின்றன. இரண்டாவது பேருக்குக் கூடுதலாகக் காசு கொடுக்கலாம், அதற்கும் ஒரு அளவு வைத்துக்கொண்டு. முதலாவதற்கு ஒரு பவுன்கூட அடகு வைக்க வேண்டியதில்லை.

ஊருக்குள்ளேயே இருக்கும் பேர்

புதுச்சேரிக்காரர்களுக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது. வெளியூர் விளம்பரங்களின் சத்தத்தில் அது பல நேரம் காதில் விழுவதில்லை. இங்கே அதிகம் பேர் வாங்கிய இடங்கள்தான் கட்டணம் குறைந்த இடங்களும்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் பிள்ளைச்சாவடியில் இருக்கும் புதுச்சேரி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தை வயதானவர்கள் இன்னும் 'பெக்' என்றுதான் சொல்வார்கள். 1984-ல் பாண்டிச்சேரி பொறியியல் கல்லூரியாகத் தொடங்கி, 2020-ல் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. சென்டாக் சேர்க்கை ப்ளஸ் டூ மார்க்கை வைத்து நடப்பதால், நன்றாகப் படிக்கும் உள்ளூர்ப் பிள்ளைகள் பலருக்கு முதல் விருப்பம் இதுவாகத்தான் இருக்கும். ஊரில் இருந்து டவுன் பஸ்ஸில் போய் வந்துவிடலாம். (போகிற வழியில் கோட்டக்குப்பம் தொடங்கி பொம்மையார்பாளையம் வரை தமிழ்நாட்டுக்குள் நுழைந்து, மறுபடி புதுச்சேரிக்குள் வர வேண்டும். புதுச்சேரிக்காரர்களுக்கு இதெல்லாம் பழகிப்போன விஷயம்.) வீட்டுச் சாப்பாடு, வீட்டுப் படுக்கை. நான்கு வருட ஹாஸ்டல், மெஸ் செலவை மிச்சம் பிடிப்பதை யாரும் ஸ்காலர்ஷிப் என்று சொல்வதில்லை. ஆனால் பல ஸ்காலர்ஷிப்களைவிட அது பெரிய தொகை.

இன்னொன்று காரைக்காலில் இருக்கிறது. 2010-ல் தொடங்கிய என்.ஐ.டி. புதுச்சேரி. பெயரில் புதுச்சேரி இருந்தாலும், நகரத்திலிருந்து சுமார் 130 கிலோமீட்டர். கடலூர், சிதம்பரம், சீர்காழி எல்லாம் தாண்டிப் போக வேண்டும். ஹாஸ்டல்தான் ஒரே வழி. ஜே.இ.இ. மெயின் தேர்வில் தேறி, ஜோசா கவுன்சலிங் வழியாகத்தான் நுழைய முடியும். என்.ஐ.டி.க்களில் பாதி இடங்கள் சொந்த மாநிலத்து மாணவர்களுக்கு என்பதால், புதுச்சேரி போன்ற சின்ன யூனியன் பிரதேசத்துப் பிள்ளைகளுக்கு அது பெரிய கதவு.

என்.ஐ.டி. என்றதும் "அங்க லட்சக்கணக்குல ஆகும்" என்று ஒதுக்கிவிடும் வீடுகள் உண்டு. கல்விக் கட்டணம் ஆண்டுக்கு 1,25,000 ரூபாய் என்பது உண்மைதான். ஆனால் பட்டியலினத்தவர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கு அந்தக் கட்டணம் கிடையாது. குடும்ப ஆண்டு வருமானம் 1 லட்சத்துக்குக் கீழே என்றால் மற்றவர்களுக்கும் முழு விலக்கு. 1 லட்சத்திலிருந்து 5 லட்சத்துக்குள் என்றால் மூன்றில் இரண்டு பங்கு விலக்கு. தையல் வருமானத்தையும் சேர்த்துக்கொண்டாலும் நம் முத்தியால்பேட்டை வீடு இந்த 5 லட்சத்துக்குள்தான் வரும். அப்போது கட்ட வேண்டியது ஆண்டுக்குச் சுமார் 41,700 ரூபாய். ஹாஸ்டலும் மெஸ்ஸும் தனி. இந்த விலக்கு தெரியாமலேயே ஜே.இ.இ. விண்ணப்பம் போடாமல் விட்ட வீடுகளை நினைத்தால்தான் வருத்தமாக இருக்கிறது. அடுத்த வருடம் ப்ளஸ் டூ எழுதப்போகும் பிள்ளை இருக்கும் வீடுகள் இப்போதே குறித்து வைத்துக்கொள்ளலாம்.

இந்த இரண்டில் ஒன்று கிடைத்தால் பேரா, பணமா என்ற சண்டைக்கே இடமில்லை. சிக்கல் அதற்கு அடுத்த படியில்தான். நினைத்த ப்ராஞ்ச் கிடைக்கவில்லை, அல்லது இடமே கிடைக்கவில்லை. சென்டாக் பட்டியலில் அடுத்ததாக மதகடிப்பட்டு பக்கமோ, கிருமாம்பாக்கம் பக்கமோ ஒரு தனியார் கல்லூரி. அல்லது வெளியூரில் அந்தப் பெரிய பேர். பெரும்பாலான வீடுகள் உட்கார்ந்து யோசிக்கும் இடம் இதுதான்.

கோட்டக்குப்பத்துப் பிள்ளைக்கும் முத்தியால்பேட்டைப் பிள்ளைக்கும் இங்கே விதி வேறு வேறு. தெருவுக்கு அந்தப் பக்கம் விழுப்புரம் மாவட்டம். அங்கே அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைக்குத் தமிழ்நாட்டுக் கவுன்சலிங்கில் 7.5 சதவிகித உள் ஒதுக்கீடு உண்டு. 2021-ல் இன்ஜினீயரிங்குக்கும் வந்த இந்த ஒதுக்கீட்டில் சேர்ந்தால் கல்விக் கட்டணம், ஹாஸ்டல் கட்டணம் இரண்டையும் தமிழ்நாடு அரசே ஏற்கிறது. பெண் பிள்ளை என்றால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வேறு. ஒரே பஸ் ஸ்டாப்பில் நிற்கும் இரண்டு பிள்ளைகளுக்கு, ரேஷன் கார்டு எந்தப் பக்கம் இருக்கிறது என்பதைப் பொறுத்து, பட்டப்படிப்பின் விலை மாறிவிடுகிறது. ஆகவே கோட்டக்குப்பத்து மாமா வீட்டுக் கணக்கை அப்படியே முத்தியால்பேட்டையில் போட்டுப் பார்ப்பதில் அர்த்தமில்லை. புதுச்சேரிப் பக்கத்தில் சென்டாக் வழியாகச் சேருபவர்களுக்குக் காமராஜர் பெயரிலான நிதியுதவியும், ஆதிதிராவிடர் நலத்துறை உதவியும் தனியாக இருக்கின்றன. யாருக்குப் பொருந்தும், எப்போது கைக்கு வரும், வரும்வரை கல்லூரி காத்திருக்குமா என்று சேருவதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும்.

இதே ஊரில் இந்தக் கணக்கெல்லாம் தேவைப்படாத வீடுகளும் உண்டு. 1962 ஆகஸ்ட் 16-ல் பிரெஞ்சுப் பகுதிகள் சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்தவர்களின் வாரிசுகள். 1826-ல் தொடங்கிய லிசே பிரான்சேயில் படித்துவிட்டு பிரான்ஸுக்குப் போகும் அந்தப் பிள்ளைக்கு, அங்குள்ள அரசுப் பொறியியல் கல்லூரியில் ஆண்டுக் கட்டணம் சுமார் 600 யூரோ. அதே நாட்டில் ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தில் இளநிலைப் பட்டம் படிக்க, ஐரோப்பியர் அல்லாத மாணவருக்கு 2019-ல் நிர்ணயித்த கட்டணம் 2,770 யூரோ. கொம்பாக்கத்தில் இருந்து போனாலும் பாரிஸில் இருந்து போனாலும் பாஸ்போர்ட்தான் விலையை முடிவு செய்கிறது. தங்கும் செலவு தனி என்பது வேறு விஷயம்.

17,800 ரூபாய்

வெளியூர்ப் பெரிய பேருக்கு வரலாம். ஒரு கணக்குக்காக, அங்கே கல்விக் கட்டணமும் ஹாஸ்டலும் சேர்த்து ஆண்டுக்கு 2.5 லட்சம் என்று வைத்துக்கொள்ளலாம். (பல இடங்களில் இதைவிட அதிகம்.) நான்கு வருடத்துக்கு 10 லட்சம். கையில் சேமிப்பு இல்லை, முழுவதும் கல்விக் கடன், வட்டி 10 சதவிகிதம்.

கல்விக் கடனில் படிக்கும் காலமும் அதற்குப் பின் ஒரு வருடமும் தவணை கட்ட வேண்டாம். "அப்புறம் பாத்துக்கலாம்" என்று வீட்டில் எல்லோரும் நிம்மதியாக இருக்கும் அந்த ஐந்து வருடமும் வட்டி மட்டும் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும். முதல் வருடம் வாங்கிய 2.5 லட்சத்துக்கு ஐந்து வருட வட்டி, இரண்டாம் வருடத் தொகைக்கு நான்கு வருடம் என்று கூட்டினால், சாதாரண வட்டியிலேயே 3.5 லட்சம் சேர்ந்துவிடும். ஆக, பிள்ளை தவணையைத் தொடங்கும் நாளில் கடன் 13.5 லட்சம். பத்து வருடத்தில் அடைக்க மாதம் சுமார் 17,800 ரூபாய். மொத்தம் கட்டி முடிப்பது 21 லட்சத்துக்கு மேல்.

பெரிய ஐ.டி. நிறுவனங்கள் புதிதாக எடுக்கும் இன்ஜினீயர்களில் பெரும்பாலானவர்களுக்குக் கொடுக்கும் தொடக்கச் சம்பளம் பல வருடங்களாக ஆண்டுக்கு மூன்றரை லட்சத்தை ஒட்டியே நிற்கிறது. பி.எஃப். போன்ற பிடித்தங்கள் போகக் கைக்கு வருவது மாதம் 25,000 சுற்றி. அதில் 17,800 வங்கிக்குப் போனால் மிச்சம் 7,200. சென்னையிலோ பெங்களூரிலோ ரூம் வாடகையைப் பங்கு போட்டுக் கொடுத்து, மூன்று வேளை சாப்பிட்டு, ஊருக்கு பஸ் ஏற 7,200 போதுமா என்பதை வேலைக்குப் போகும் பிள்ளைகள் யாரிடம் வேண்டுமானாலும் கேட்கலாம். போதாது. அப்போது தவணையை யார் கட்டுவார்? அப்பாதான். ரிட்டயர்மென்ட் வயதில்.

இதே கணக்கில், சென்டாக் வழியாக உள்ளூரிலேயே ஆண்டுக்கு 75,000 ரூபாயில் படித்தால் மொத்தக் கடன் 3 லட்சம். அதே வட்டி, அதே பத்து வருடம் என்றால் தவணை சுமார் 5,350 ரூபாய்.

இரண்டுக்கும் நடுவில் இருக்கும் வித்தியாசம் மாதம் 12,450. பேரின் விலை என்பது இதுதான். வெளியூர்க் கல்லூரியின் பேர், உள்ளூர்க் கல்லூரியில் படித்தால் கிடைக்கும் சம்பளத்தைவிட மாதம் 12,450 ரூபாயாவது கூடுதலாகக் கைக்கு வர வைக்குமா? அதுவும் முதல் வருடம் மட்டுமல்ல, பத்து வருடத்துக்கு. வைக்கும் என்றால் தைரியமாகச் சேர்க்கலாம். அப்படிப்பட்ட கல்லூரிகள் இல்லாமல் இல்லை. நல்ல தனியார் பல்கலைக்கழகங்கள் சிலவற்றில், சில ப்ராஞ்ச்களில், சராசரி மாணவருக்கே தொடக்கச் சம்பளம் உள்ளூரைவிட இரண்டு மடங்கு கிடைக்கிறது. அந்த இடத்தில் அதிக ஃபீஸ் என்பது வீண் செலவு ஆகாது. ஆனால் 'அப்படித்தான் இருக்கும்' என்று நம்பிச் சேர்ப்பது வேறு, பார்த்துவிட்டுச் சேர்ப்பது வேறு.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. ஒரே கல்லூரி என்றாலும் எல்லோரும் ஒரே விலை கொடுப்பதில்லை. உதாரணத்துக்கு வி.ஐ.டி.யில், நுழைவுத் தேர்வு ரேங்க்கைப் பொறுத்து ஐந்து கட்டணப் பிரிவுகள். ஒரே பெஞ்சில் உட்காரும் இரண்டு பேருக்கு நடுவே லட்சக்கணக்கில் வித்தியாசம் இருக்கும். முதல் பிரிவில் கிடைத்த மாணவிக்கு லாபகரமான முடிவு, ஐந்தாம் பிரிவில் கிடைத்தவருக்குச் சுமையாகிவிடலாம். கல்லூரியின் பேர் இரண்டு பேருக்கும் ஒன்றுதான். ஆகவே "எங்க அண்ணன் பையன் அங்கதான் படிச்சான், செட்டில் ஆயிட்டான்" என்று யாராவது சொன்னால், எந்தப் பிரிவு, எவ்வளவு கட்டினார் என்று கேட்பதில் தப்பே இல்லை.

மஞ்சள் பேனர் சொல்லாதது

சரி, சம்பளத்தை எப்படிப் பார்ப்பது? கல்லூரி வாசலில் தொங்கும் பேனரில் பார்க்கக் கூடாது. 'அதிகபட்ச பேக்கேஜ் 40 லட்சம்' என்ற வரியில் இருப்பவர் ஒரே ஒருவர். 'ஆயிரம் ஆஃபர்' என்பதில் ஒரே பையனுக்குக் கிடைத்த மூன்று ஆஃபர்களும் மூன்றாக எண்ணப்பட்டிருக்கலாம்.

மத்தியக் கல்வி அமைச்சகத்தின் தேசியத் தரவரிசை, அதாவது என்.ஐ.ஆர்.எஃப்., 2016-லிருந்து வருடா வருடம் வருகிறது. எல்லோரும் பார்ப்பது ரேங்க்கை. கூடவே ஒரு பி.டி.எஃப். இருக்கும், அதைத் திறப்பவர்கள் குறைவு. ரேங்க் வாங்கிய ஒவ்வொரு கல்லூரியும் சமர்ப்பித்த விவரங்கள் அதில் இருக்கும். எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் குறித்த காலத்தில் முடித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை, எத்தனை பேர் மேற்படிப்புக்குப் போனார்கள், வேலை கிடைத்தவர்களின் இடைநிலைச் சம்பளம் என்ன. இடைநிலை என்றால், வேலை கிடைத்தவர்களைச் சம்பள வரிசையில் நிற்க வைத்தால் நடுவில் நிற்பவரின் சம்பளம். நம் வீட்டுப் பிள்ளை அந்த நடு ஆளாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். 40 லட்சம் வாங்கும் அந்த ஒருவரை வைத்துக் கடன் வாங்க முடியாது.

அதிலும் ஒரு நுணுக்கம். 600 பேர் படிப்பை முடித்து, 400 பேருக்கு வேலை, 60 பேர் மேற்படிப்பு என்று ஒரு கல்லூரி எழுதியிருந்தால், மிச்சமுள்ள 140 பேர் எங்கே? இடைநிலைச் சம்பளத்தில் அவர்கள் வரவே மாட்டார்கள். ஃபீஸ் மட்டும் அவர்களும் கட்டியிருப்பார்கள்.

இந்தத் தரவரிசைக்கான நூறு மதிப்பெண்ணில் 'பேர்' என்பதற்கு, அதாவது கல்வியாளர்களும் வேலை கொடுப்பவர்களும் என்ன நினைக்கிறார்கள் என்பதற்கு, ஒதுக்கியிருப்பது வெறும் 10. கற்பித்தலும் வசதிகளும் 30, ஆராய்ச்சி 30, படித்து முடித்தவர்களின் நிலை 20. ப்ளஸ் டூ பிள்ளைக்கு முக்கியமானவை முதலும் கடைசியும்தான். ஆராய்ச்சிக் கட்டுரைகளால் மேலே ஏறிய கல்லூரியில் இளநிலை வகுப்பு எப்படி நடக்கிறது என்பது ரேங்க்கில் தெரியாது.

நேரில் போனால் கேட்க ஒரு கேள்வி. கம்ப்யூட்டர் சயின்ஸில் இந்த வருடம் எத்தனை செக்‌ஷன்? 2024-25-லிருந்து நன்றாக இயங்கும் கல்லூரிகளுக்கு இட உச்சவரம்பை ஏ.ஐ.சி.டி.இ. எடுத்துவிட்டது. இடங்கள் ஒரே இரவில் பெருகலாம், ஆசிரியர்கள் அப்படிப் பெருக மாட்டார்கள். இருபது மாணவர்களுக்கு ஓர் ஆசிரியர் என்பது ஏ.ஐ.சி.டி.இ. கணக்கு. லேபுக்குள் எட்டிப் பார்த்தால் மிச்சம் புரியும். தேசிய அங்கீகார வாரியத்தின் என்.பி.ஏ. அங்கீகாரம் கல்லூரிக்கு மொத்தமாகக் கொடுப்பதில்லை, படிப்பு வாரியாகக் கொடுப்பது. மெக்கானிக்கலுக்கு இருக்கும் அங்கீகாரத்தை வாசலில் எழுதி வைத்து, புதிதாகத் தொடங்கிய ஏ.ஐ. படிப்புக்கு ஆள் சேர்ப்பதும் நடக்கும்.

பேர் உண்மையிலேயே சம்பளத்தைக் கூட்டுகிறதா என்று அமெரிக்காவில் ஸ்டேசி டேல், ஆலன் க்ரூகர் என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் பார்த்திருக்கிறார்கள். 1976-ல் கல்லூரியில் சேர்ந்தவர்களின் பிற்காலச் சம்பளத்தை வைத்து 2002-ல் வெளியான ஆய்வு. பேர்பெற்ற கல்லூரியில் இடம் கிடைத்தும் சாதாரணக் கல்லூரிக்குப் போனவர்களையும், அந்தப் பேர்பெற்ற கல்லூரிக்கே போனவர்களையும் ஒப்பிட்டார்கள். பெரும்பாலானவர்களின் சம்பளத்தில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. திறமையான பிள்ளை எங்கே படித்தாலும் சம்பாதித்துக்கொள்கிறது என்பதுதான் அதிலிருந்து கிடைத்தது.

ஆனால் ஒரு விதிவிலக்கு வந்தது. வசதி குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கு மட்டும் பேர்பெற்ற கல்லூரி நன்றாகவே உதவியது. யோசித்தால் காரணம் புரியும். அப்பா பெரிய நிறுவனத்தில் மேனேஜர், மாமா அமெரிக்காவில் என்று இருக்கும் வீட்டுப் பிள்ளைக்கு அறிமுகங்கள் வீட்டிலேயே கிடைக்கின்றன. குடும்பத்தில் முதல் ஆளாகப் பட்டம் வாங்கும் பிள்ளைக்கு அறிமுகம், சீனியர், நேர்காணல் பழக்கம் எல்லாம் கல்லூரியில்தான் கிடைத்தாக வேண்டும். அமெரிக்கக் கணக்கு இங்கே அப்படியே பொருந்தாது. இருந்தாலும் முத்தியால்பேட்டை அப்பா "பேரு இருக்கே" என்று சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். யாருக்குப் பேர் அதிகம் தேவையோ அவர்களிடம்தான் அதற்குக் காசு இல்லை. அதனால்தான் பிள்ளைச்சாவடியும் காரைக்காலும் இந்த வீடுகளுக்கு அவ்வளவு முக்கியமாகின்றன. அங்கே இடம் கிடைக்கும் வாய்ப்பு இருக்கும்போதே, கவுன்சலிங் முடியும்வரை காத்திருக்கப் பொறுமையில்லாமல் வெளியூரில் முன்பணம் கட்டிவிடுவதுதான் இருப்பதிலேயே பெரிய நஷ்டம்.

லாஸ்பேட்டை மோதிலால் நேரு அரசு பாலிடெக்னிக்கில் மூன்று வருட டிப்ளமோ முடித்து, நேரடியாக பி.டெக். இரண்டாம் வருடத்தில் சேரும் வழியும் இருக்கிறது. ப்ளஸ் டூ வரை வந்துவிட்டவர்களுக்கு அது தாமதம். பத்தாம் வகுப்பில் இருக்கும் தம்பி தங்கைக்கு யோசிக்கலாம்.

பொண்ணுக்கு எதுக்கு?

ஒரே வீட்டில் அண்ணனுக்கு 12 லட்சம் கடன் போட்டு வெளியூர் அனுப்பியிருப்பார்கள். தங்கைக்கு, அவள் மார்க் அதிகமாக இருந்தாலும், "பக்கத்துலயே பாத்துக்கலாம்மா" என்பார்கள். சிக்கனம் என்று அதற்குப் பெயர் வைப்பார்கள். சிக்கனம் என்றால் அது அண்ணனிடமிருந்து தொடங்கியிருக்க வேண்டும். காரைக்கால் என்.ஐ.டி.யில் இடம் கிடைத்தும் ஹாஸ்டல் என்ற ஒரே காரணத்தால் வேண்டாம் என்று சொல்லும் வீடு, கணக்குப் போட்டுப் பார்த்தால் குறைந்த செலவில் கிடைத்த பேரைத் திருப்பிக் கொடுக்கிறது.

பெண் பிள்ளைகளுக்கு ஏ.ஐ.சி.டி.இ.யின் பிரகதி உதவித்தொகை ஆண்டுக்கு 50,000 ரூபாய். குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருக்க வேண்டும், ஒரு வீட்டில் இரண்டு பெண்கள் வரை வாங்கலாம். முதல் வருடத்திலேயே விண்ணப்பிக்க வேண்டும். நான்கு வருடத்துக்கு 2 லட்சம் என்றால், மேலே சொன்ன உள்ளூர்க் கடனில் மூன்றில் இரண்டு பங்கு காணாமல் போய்விடும்.

கடன் வாங்கத்தான் வேண்டும் என்றால், வங்கிகள் வழக்கமாக 7.5 லட்சம் வரை சொத்து அடமானம் கேட்பதில்லை. அதற்கு மேல் போனால் வீட்டுப் பத்திரம் மேசைக்கு வரும். 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த பிரதமர் வித்யாலட்சுமி திட்டத்தில், தேர்ந்தெடுத்த தரமான கல்வி நிறுவனங்களுக்கு அடமானமும் ஜாமீனும் இல்லாமல் கடன். மத்திய அரசின் கல்வி நிறுவனங்களும் அதில் அடங்கும் என்பதால் காரைக்கால் என்.ஐ.டி.க்கும் வழி உண்டு. தொழில்நுட்பப் படிப்பில் சேரும் பிள்ளையின் குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் என்றால், படிக்கும் காலத்து வட்டியை முழுமையாக அரசே ஏற்கும். 8 லட்சம் வரை என்றால் 10 லட்சம் கடன் வரைக்கும் 3 சதவிகித வட்டிச் சலுகை. மேலே போட்ட கணக்கில் சேர்ந்த அந்த 3.5 லட்சம் வட்டி இந்த இடத்தில்தான் கரையும். ஆனால் இதெல்லாம் தகுதி அடிப்படையில் இடம் வாங்கியவர்களுக்கு. மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்துவிட்டு வங்கிக்குப் போனால் மேனேஜர் உதட்டைப் பிதுக்குவார்.

கடைசியாக, அப்பாவின் வாட்ஸ்அப்பில் இருக்கும் அந்த முன்பணச் செய்தி. கட்டியே ஆக வேண்டும் என்று தோன்றினால், திரும்ப வாங்கும் விதியைப் படித்துவிட்டுக் கட்டலாம். 2024-25-ல் சேர்ந்தவர்கள் செப்டம்பர் 30-க்குள் ரத்து செய்தால் முழுக் கட்டணத்தையும், அக்டோபர் 31 வரை ரத்து செய்தால் 1,000 ரூபாய்க்கு மேல் பிடிக்காமலும் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று யு.ஜி.சி. சொன்னது. தேதி வருடா வருடம் மாறும் என்பதால் இந்த ஆண்டுக்கான அறிவிப்பைப் பார்க்க வேண்டும். பணம் கட்டினால் கல்லூரிப் பெயரிலேயே ரசீது வாங்க வேண்டும். ஏஜென்ட் கையெழுத்துப் போட்ட துண்டுச்சீட்டு செல்லாது. அசல் மார்க் ஷீட்டையும் டி.சி.யையும் சரிபார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுக்க வேண்டும், கல்லூரியே வைத்துக்கொள்ள விதி இல்லை. அவை பீரோவில் நகை டப்பாவுக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும். சென்டாக்கின் அடுத்த சுற்றுப் பட்டியலில் பிள்ளையின் பேர் வந்தால், அன்றைக்கே எடுத்துக்கொண்டு ஓட வேண்டியிருக்கும்.